முத்துக் கரையின் வரலாறு – 17: கரித்துண்டும் கிளிஞ்சலும்

கொற்கையைப் பற்றி நூல்கள் சொல்வதை முந்தைய பகுதிகளில் பார்த்துவிட்டோம். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக் குளிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி அந்த ஊரைத் தன் பட்டியலில் சேர்க்கிறார். சங்கப் புலவர்கள் அதைப் பாண்டியரின் துறையாகப் பாடுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதும்போது கொற்கை ஓய்ந்து, காயல் துறை எழுந்துவிட்டது. இவை அனைத்தும், ஓங்கி நின்ற ஒரு துறைமுகத்தைக் கண்டவர்களும் கேள்விப்பட்டவர்களும் சொன்ன சாட்சி. அது எப்போது தொடங்கியது என்பதற்கு இவற்றில் விடை இல்லை. விடை தேடுவோர் இயற்பியலாளரிடமும் வேதியியலாளரிடமும்தான் போக வேண்டும். போகும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடம் ஓர் ஊருக்கோ நாகரிகத்துக்கோ வயது சொல்வதில்லை. ஒரு நெல்மணிக்கு, ஒரு கரித்துண்டுக்கு, ஒரு பானை ஓட்டுக்கு வயது சொல்கிறது. அந்த மணிக்கும் ஊருக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியது அகழ்ந்தவரின் பொறுப்பு. இந்தக் கரையில் மற்றொரு சிக்கலும் உண்டு. கடல் தரும் சான்றுகளான சிப்பி, சங்கு, முத்து மூன்றும் காலம் காட்டுவதில் நம்பிக்கை குறைந்தவை. தாமிரபரணிக் கரையின் நெல்லும் கரியும் ஓடுமே இந்தக் கடற்கரைக்குக் காலம் குறிக்கத் தகுந்தவை. ஆகவே முத்துக் கரையின் தொடக்க வரலாற்றை ஆற்றங்கரையிலிருந்துதான் எழுத முடியும்.

கொற்கைக்கு நெடுங்காலமாக நம் கையில் இருந்தது ஒரே ஓர் எண். தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. வந்த விடை கி.மு. 785. பாடநூல், மேடைப்பேச்சு, சுற்றுலாக் கையேடு எங்கும் அன்று முதல் இந்த எண்தான். அது எப்படிக் கிடைத்தது என்று யோசிப்போர் குறைவு. உயிரோடிருக்கும் மரம் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களை எடுத்துக்கொண்டே இருக்கிறது. வெட்டப்பட்டதும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பில் உள்ளது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 1949-இல் வில்லார்டு லிபி இதை ஒரு கடிகாரமாக்கிக் காட்டினார்; 1960-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அன்றைய முறையில் அணு சிதையும்போது வெளிவரும் கதிரை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதற்குச் சில கிராம் கரியாவது தேவை. பிழை எல்லையும் இரு பக்கமும் ஒரு நூற்றாண்டு அளவுக்குப் போகும். காற்றிலுள்ள கார்பன்-14 அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை மர வளையங்கள் பின்னரே தெளிவாக்கின. வளையங்களை ஆண்டுவாரியாக அளந்து தயாரித்த இன்றைய திருத்த அட்டவணை அன்று இல்லை.

அந்த அட்டவணையில் கொற்கையை நேராகத் தொடும் ஒரு செய்தி இருக்கிறது. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் கோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வெட்டப்பட்ட மரமானாலும் கார்பன் கணக்கில் கிட்டத்தட்ட ஒரே விடையைத்தான் தரும். தமிழகத்தின் தொடக்ககால ஊர்கள் பலவும் இந்தத் தட்டைப் பகுதியிலோ அதன் விளிம்பிலோதான் விழுகின்றன. ஆதிச்சநல்லூரில் 2004-இல் எடுத்த மாதிரிகள் பதினைந்து ஆண்டு கழித்து அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. கி.மு. 905, கி.மு. 696 என்னும் எண்கள் வந்தன. கொற்கையின் 785 இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இதை வைத்து இரண்டு ஊர்களில் எது மூத்தது என்று வழக்காடுவதில் பொருளே இல்லை. ஒற்றைக் கரித்துண்டால் இந்தக் காலப் பகுதியைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மண்ணடுக்குகளிலிருந்து வரிசையாகப் பல மாதிரிகள் எடுத்து, எது முந்தியது எது பிந்தியது என்னும் அடுக்கு ஒழுங்கையும் கணக்கில் சேர்த்தால் மட்டுமே இடைவெளி குறுகும். கொற்கையின் எண் தவறென்று இதற்குப் பொருள் அல்ல. அது ஒரு தொடக்கம். நாம் அதை முடிவாக எடுத்துக்கொண்டோம்.

சரி, கரி கொஞ்சம்தான் கிடைத்தது. கொற்கையில் சிப்பிக்கும் சங்குக்கும் பஞ்சமில்லையே, அவற்றை அளந்தால் என்ன? சுண்ணாம்பு ஓட்டிலும் கார்பன் இருக்கிறது. முத்துச் சிப்பியைவிட இந்தக் கரைக்கு உரிய சாட்சி வேறு உண்டா? கேள்வி நியாயமானது, ஆனால் வேதியியல் வேறு விதமாகச் சொல்கிறது. மரம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது. சிப்பி கடல்நீரில் கரைந்திருப்பதை எடுக்கிறது. கடலின் ஆழத்து நீர் நூற்றாண்டுக் கணக்கில் காற்றைத் தொடாமல் கிடப்பது. அதிலுள்ள கார்பன்-14 அதற்குள் குறைந்துபோயிருக்கும். அந்தப் பழைய நீர் மேலே வந்து கலக்கும்போது, நேற்றுப் பிடித்த சிப்பிகூடச் சில நூறு வயது காட்டும். உலகச் சராசரியில் இந்த மிகை 400 முதல் 500 ஆண்டுகள். மன்னார் வளைகுடாவில் அது எவ்வளவு என்பது அந்தந்த இடத்தில் அளந்து பார்க்க வேண்டியது. ஏனென்றால் இங்கே பருவக்காற்றுக்கு ஏற்ப அரபிக்கடல் நீரும் வங்கக்கடல் நீரும் மாறிமாறி வருகின்றன. ஆற்று முகத்தில் நன்னீரும் கலக்கிறது. சிப்பி கடலடிப் பாரில் வளர்ந்ததா, முகத்துவாரச் சேற்றில் வளர்ந்ததா என்பதைப் பொறுத்தும் பிழை மாறலாம். திருத்தாமல் படித்தால், கி.மு. 300-ஐச் சேர்ந்த சிப்பிக்குவியல் ஒன்று கி.மு. 700-ஐச் சேர்ந்ததாகத் தெரியும். பெருமைப்பட ஆசைப்படுபவருக்கு இதைவிட வசதியான பிழை கிடைக்காது. அதனாலேயே இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

பழைய துறைமுகம் எங்கே கிடக்கிறது என்னும் நெடுநாள் வழக்கையும் இந்தக் கடல் மிகை தொடுகிறது. கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போக, துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து புன்னைக்காயலுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. அப்படியிருக்க, பழைய கொற்கை கடலுக்கடியில் மூழ்கிக் கிடப்பதாக நம்புவோர் இன்றும் உண்டு. ஆறு நிலத்தை வளர்த்த இடத்தில் நகரைத் தேட வேண்டியது வயலுக்கும் வண்டலுக்கும் அடியில்தான். கடலடி ஆய்வு தேவையில்லை என்று சொல்லவில்லை. மூழ்கிய கலங்கள், நங்கூரக் கற்கள் போன்றவை அங்கே கிடைக்கலாம். ஆனால் கொற்கையின் படித்துறையைக் காட்டப்போவது வயலில் துளையிட்டு எடுக்கும் மண்தண்டு. அதில் உப்புநீர் நுண்ணுயிரிகளின் ஓடு எந்த ஆழத்தில் முடிகிறது, ஆற்று மணல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பழைய கரை தெரியும். அந்தக் கரைக்குக் காலம் குறிக்கும்போது அடுக்கிலுள்ள கிளிஞ்சலை மட்டும் நம்பினால், கரை விலகிய காலம் நானூறு ஆண்டு முன்னே போய்விடும். கடைசியில் துறைமுகம் தூர்ந்த பிறகும் அங்கே கலங்கள் வந்ததாகக் கதை சொல்ல வேண்டிவரும். மணலிலுள்ள குவார்ட்சு, கடைசியாக வெயில் பட்ட நாளைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை அந்த நாளைக் கணக்கிடுகிறது. இங்கே உதவக்கூடியது அந்த மணல்தான். தென்பகுதித் தேரிகளின் செம்மணலுக்கும் இதே முறை பொருந்தும்.

முத்து நகரம் என்றால் முத்து எங்கே, அகழ்வில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்க வேண்டாமா என்று கேட்போர் இருக்கிறார்கள். முத்து கிடைக்காததை வைத்து இலக்கியம் மிகைப்படுத்துகிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். முத்தின் உடம்பை அறிந்தால் இந்தக் கேள்வி எழாது. அது அரகோனைட்டு என்னும் சுண்ணாம்புப் படிகத் தகடுகளை மெல்லிய புரதப் பசையால் ஒட்டி அடுக்கியது. கால்சியம் கார்பனேட்டு வடிவங்களில் அரகோனைட்டு எளிதில் கரைவது. புரதம் அழுகினால் தகடுகள் உதிரும். மண்ணில் சிறிது அமிலம் இருந்தாலும் மீதியும் கரையும். பெரிய சிப்பி ஓடும் தடித்த சங்கும் எஞ்சும் மண்ணிலும் ஒரு மிளகளவு முத்து எஞ்ச வேண்டும் என்பதில்லை. ஆதிச்சநல்லூர் போன்ற சரளை மேட்டில் சுண்ணாம்புப் பொருள் பிழைப்பது இன்னும் கடினம். அதோடு, முத்து விற்பனைக்கு உரியது. எடுத்த ஊரில் தங்காமல் மதுரைக்கும் ரோமுக்கும் போவதுதான் அதன் இயல்பு. எடுத்த ஊரில் தங்குவது கழிவு: உடைத்த சிப்பி, அறுத்த சங்கின் மிச்சம். முத்து இல்லாமை முத்துக்குளிப்பு இல்லாமைக்குச் சான்றாகாது. உடைத்த சிப்பியின் அடுக்கே அதற்குச் சான்று.

சங்கைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுப் போகலாம். உள்நாட்டு ஊர்களில் கிடைக்கும் சங்கு வளையல் மன்னார்க் கடலிலிருந்து போனதா, சௌராட்டிரக் கரையிலிருந்து வந்ததா என்று ஐசோடோப்பு கொண்டு சொல்ல முடியுமா என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். நிலத்து உயிர்களின் பல்லிலும் எலும்பிலும் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் பிறந்த மண்ணைக் காட்டிக்கொடுக்கும். கடலில் அது பயன்படாது. ஸ்ட்ரான்சியம் கடல்நீரில் பல லட்சம் ஆண்டுகள் தங்குகிறது. கடல்நீரோ ஆயிரம் ஆண்டு அளவில் உலகெங்கும் கலந்துவிடுகிறது. அதனால் உலகக் கடல் முழுவதிலும் அந்த விகிதம் 0.7092. தூத்துக்குடிச் சங்கும் துவாரகைச் சங்கும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான். ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளில் ஆக்சிஜன் ஐசோடோப்பை அளந்தால் எந்தப் பருவத்தில், எவ்வளவு வெதுவெதுப்பான நீரில் வளர்ந்தது என்று தெரியும். அதில் குளிப்புப் பருவம் தெரியலாம், கரை தெரியாது.

இனி ஆற்றங்கரைக்கு வருவோம். சிவகளை பரம்பில் ஒரு முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகளை பீட்டா அனலிடிக் ஆய்வுக்கூடம் ஆராய்ந்து கி.மு. 1155 என்று சொன்னது. முதலமைச்சர் 2021 செப்டம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். தாமிரபரணிக் கரையில் இதுவரை வந்த காலக்கணிப்புகளில் இதையே உறுதியானதாகக் கருதுகிறேன். காரணங்கள் எளியவை. நெல் ஒரே பருவத்தின் விளைச்சல். அதன் வயதுக்கும் அறுவடை ஆண்டுக்கும் இடையே பழைய மரத்தின் உள்வளையம் போன்ற சிக்கல் இல்லை. அது காற்றிலிருந்து கார்பனை எடுத்தது. கடலின் மிகை இல்லை. இறந்தவருக்காக ஒருவர் தம் கையால் தாழிக்குள் வைத்தது. எங்கிருந்தோ உருண்டு வந்ததல்ல. ஆகவே மணியின் வயது அந்த அடக்கத்தின் வயது. அணுக்களை நேராக எண்ணும் இன்றைய முடுக்கி முறை வந்த பிறகே ஒரு மணியை வைத்து இதைச் செய்ய முடிகிறது. 1968-இன் கருவி இதற்கு ஒரு கை நெல்லைக் கேட்டிருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அலெக்சாண்டர் ரியா ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் நெல், தினை உமியைக் கண்டு குறித்து வைத்தார். அவர் காலத்தில் அதற்கு வயது கேட்க வழியே இல்லை.

அதே சிவகளையிலிருந்துதான் இன்னும் பெரிய எண்களும் வந்தன. 2025 ஜனவரி 23 அன்று வெளியான ‘இரும்பின் தொன்மை’ என்னும் அறிக்கையில் கா. ராஜனும் இரா. சிவானந்தமும், அங்கே எடுத்த கரி மாதிரிகள் கி.மு. 2953, கி.மு. 3345 என்று காட்டுவதாக எழுதினர். பானை ஓடுகளை ஒளிர்வு முறையில் அளந்ததில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியும் வந்தது. பீட்டா அனலிடிக், லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஆகிய மூன்றும் இதில் பங்கேற்றன. சிவகளையில் தாழிகளுக்கு உள்ளும் வெளியிலுமாக 85-க்கு மேற்பட்ட இரும்புப் பொருள்கள் கிடைத்துள்ளன. கொண்டாட்டமும் மறுப்பும் உடனே எழுந்தன. மறுப்பவர்களின் வலுவான கேள்வி இது: ஒரே பரம்பில் நெல் கி.மு. 1155, கரி கி.மு. 3345, இரண்டாயிரம் ஆண்டு இடைவெளிக்கு என்ன விளக்கம்? பழைய மரத்தை எரித்ததால் வந்த பிழை என்று சொல்லித் தப்ப முடியாது. இந்தச் சமவெளி மரங்கள் ஈராயிரம் ஆண்டு வாழ்வதில்லை. ஒன்று, அந்த மேடு பல நூற்றாண்டுகள் இடுகாடாகப் பயன்பட்டிருக்க வேண்டும். அல்லது, பழைய தீயொன்றின் கரி பின்னால் தோண்டிய குழிக்குள் விழுந்திருக்க வேண்டும். கரியின் வயதை மட்டும் வைத்து இவ்விரண்டில் ஒன்றைத் தேர முடியாது என்பதை ஏற்க வேண்டும்.

ஆனால் மறுப்பவர்கள் ஒன்றை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். ஒளிர்வு முறையின் கடிகாரம் வேறு. அது கார்பனைப் பார்ப்பதில்லை. பானையைச் சுட்ட நெருப்பு, களிமண்ணிலுள்ள குவார்ட்சு மணிகளில் அதுவரை சேர்ந்திருந்த கதிர்வீச்சுக் கணக்கை அழித்துவிட, அதன் பிறகு சேர்ந்ததை அளக்கிறது. உருண்டு விழுந்த கரியின் பிழை பானையில் ஏற வழியில்லை. தொடர்பில்லாத இரண்டு கடிகாரங்கள் ஒரே ஆயிரத்தாண்டின் பக்கம் சாயும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது சரியல்ல. அதே நேரத்தில் ஒளிர்வு முறையில் பிழை எல்லை சில நூறு ஆண்டுகள் இருக்கும். ஓடு புதைந்திருந்த மண்ணின் ஈரமும் கதிர்வீச்சும் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். கரியும் ஓடும் சேர்ந்து காட்டுவது, சிவகளையில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் மனிதர் பானை சுட்டனர், தீ மூட்டினர் என்பதை. அந்தத் தீயும் அந்த இரும்பும் ஒரே காலத்தவை என்பதற்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டியிருக்கிறது.

அந்தப் படி ஏற முடியாததல்ல. இரும்பையே கேட்கலாம். கரி போட்டு உருக்கிய இரும்பில் அந்தக் கரியின் கார்பன் சிறிது தங்குகிறது; எஃகில் இன்னும் கூடுதலாக. 1960-களில் நிகோலாஸ் வான் டெர் மெர்வி இந்தக் கார்பனைப் பிரித்தெடுத்துக் காலம் கணிக்கலாம் என்று காட்டினார். துருவிலும் ஒட்டிய மண்ணிலும் உள்ள கார்பனேட்டு கலந்து கெடுக்காமல், துருவேறாத உலோகப் பகுதி வேண்டும். பொருளின் ஒரு சிறு துண்டை இழக்கவும் மனம் வேண்டும். இன்னொரு சோதனை எளியது. எகிப்தின் கெர்சே கல்லறையில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்த இரும்பு மணிகள் விண்கல்லில் செய்தவை என்று 2013-இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. நிக்கல் மிகுதி அதைக் காட்டிக்கொடுத்தது. சிவகளை இரும்பில் நிக்கல் குறைந்து, உலோகத்துக்குள் உலைக் கசடு சிக்கியிருந்தால், அது மனிதர் தாதுவிலிருந்து உருக்கியது. அந்தக் கசடே தாதுவின் முகவரியையும் சொல்லக்கூடும். உலை, கசடு, கரி, பொருள் நான்கும் ஓரிடத்தில் ஒரே காலத்தைக் காட்டும் நாளில் இந்த வழக்கு முடியும்.

வேதியியல் காலம் சொல்வதோடு நிற்பதில்லை என்பதற்கு ஆதிச்சநல்லூர் வெண்கலம் சான்று. பெங்களூரு தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன், அங்குள்ள மெல்லிய கிண்ணங்களில் வெள்ளீயம் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு இருப்பதைக் கண்டார். வழக்கமான வெண்கலத்தில் பத்துப் பங்கு போல இருக்கும். இவ்வளவு வெள்ளீயம் கூடினால் உலோகம் ஆறும்போது நொறுங்கும் தன்மை பெறும். அதைத் தவிர்க்க, செந்நிறச் சூட்டில் அடித்து வடித்து, சூடு ஆறுமுன் நீரில் தோய்க்க வேண்டும். இந்த நுட்பம் எந்த ஓலையிலும் இல்லை. நுண்ணோக்கியின் கீழ் உலோக மணிகளின் வடிவில் இருக்கிறது. தமிழகத்தில் வெள்ளீயத் தாது இல்லாததால் அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். கொற்கைத் துறை வழியாக வந்ததா என்பதை ஈய, வெள்ளீய ஐசோடோப்புகளை அளந்து ஒப்பிட்டால் சோதிக்கலாம். கடலோடிகளின் வரலாற்றைக் கடற்பொருள் சொல்லாத இடத்தில் இப்படி ஒரு கிண்ணம் சொல்லக்கூடும்.

வெளிநாட்டுக் கூடம் தந்த எண்ணை நம்ப வேண்டுமா என்றும், இத்தனை செலவு எதற்கு, சங்கப் பாடல் போதாதா என்றும் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு, ஒரே மாதிரியைப் பிரித்துப் பல கூடங்களுக்கு அனுப்பி ஒப்பிடுவதே பதில். அகமதாபாத்தும் லக்னோவும் இருக்கையில் நமக்கு அது கைக்கெட்டாத காரியமல்ல. இரண்டாவது கேள்விக்கு, பாடல் கொற்கையின் புகழைச் சொல்லும், கொற்கையின் தொடக்கத்தைச் சொல்லாது என்பதே பதில். பாடலைக் காப்பாற்ற எண்ணைத் தேடுவதும், எண்ணை வைத்துப் பாடலைத் தள்ளுவதும் இரண்டுக்குமே நீதி செய்வதாகாது.

தொல்லியல் துறையிடம் ஒரு கோரிக்கை. கொற்கையின் 785-ஐ இனி ஒற்றை எண்ணாக விடாமல், அடுக்கு அடுக்காகக் கருகிய தானியங்களைச் சலித்தெடுத்து அளக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் கடல் மிகையை அறிய, பிடித்த ஆண்டும் இடமும் எழுதிவைத்த பழைய சிப்பிகளை அருங்காட்சியகச் சேகரிப்புகளில் தேட வேண்டும். அவை 1950-க்கு முந்தியவையாக இருக்க வேண்டும். அதன்பின் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் 1960-களின் நடுவில் காற்றிலுள்ள கார்பன்-14 அளவை ஏறத்தாழ இரு மடங்காக்கிவிட்டன. 1961-இன் கடைசி சலாபத்து (முத்துக்குளிப்பு) சிப்பி இதற்கு உதவாது. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் முத்து, சங்குக் குளிப்புகளை ஆராய்ந்த காலத்துச் சிப்பிகள் உதவும். கொற்கை, மாரமங்கலம், பழையகாயல் வட்டாரத்து வாசகர்களுக்கும் ஒரு சொல்: கிணறோ அடித்தளமோ தோண்டும்போது கரியோடு பானை ஓடு வந்தால், கழுவாதீர்கள், கையால் எடுத்துப் பைக்குள் போடாதீர்கள், கிடந்த ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு, அப்படியே மூடி, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.